247 எழுத்தும் 128 கட்டமும்: தமிழ் கணினியேறிய வரலாறு

விகடகவி என்னும் சொல்லை நாம் அனைவரும் தொடக்கப்பள்ளியிலேயே அறிந்துகொண்டோம். இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் மாறாத சொல் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பார். வி, க, ட, க, வி என்று விரல்விட்டு எண்ணி, நடுவில் நிற்கும் டகரத்தைக் கண்டு மகிழ்ந்திருப்போம்.

அதே சொல்லைக் கணினியிடம் கொடுத்து, அதிலுள்ள குறியீடுகளைத் தலைகீழாக அடுக்குமாறு ஓர் எளிய நிரல் எழுதிப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. முதலில் எழுத்தேதும் இன்றி இகரக் கொக்கி மட்டும் அந்தரத்தில் தொங்கும். அதன்பின் வ, க, ட, கி, வ என வரும். நமக்கு மாலைமாற்றாக இருந்த சொல் கணினிக்கு அவ்வாறு இல்லை. காரணம் எளியது. நாம் 5 எழுத்துகளை எண்ணினோம். கணினி வ, இகரக் கொக்கி, க, ட, க, வ, இகரக் கொக்கி என 7 குறியீடுகளை எண்ணியது.

இலக்கணம் கற்றவர் மூன்றாவதாக ஒரு கணக்கையும் சொல்வார். உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்த ஒலி. எனவே விகடகவி என்பது வ், இ, க், அ, ட், அ, க், அ, வ், இ என 10 ஒலிகளாகும். இக்கணக்கிலும் அது மாலைமாற்று அன்று. மாறாக, கேட்பிக்கும் இடைச்சொல்லாகிய 'அம்ம' என்பதை எடுத்துக்கொண்டால், எழுத்தளவில் அ, ம், ம என்று நின்று மாலைமாற்றாகாத அச்சொல், ஒலியளவில் அ, ம், ம், அ என்று நின்று மாலைமாற்றாகிவிடுகிறது.

ஒரே சொல்லுக்கு 5, 7, 10 என்னும் மூன்று எண்ணிக்கைகள். மூன்றும் சரியே. எதனை எண்ணுகிறோம் என்பதுதான் வேறுபடுகிறது. தமிழ் கணினியிலும் இணையத்திலும் ஏறிய வரலாற்றை இக்கட்டுரையில் இந்த எண்ணிக்கையின் வழியே காண முயல்வோம். அவ்வரலாற்றில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் உரிய பங்கு சிறியதன்று.

இலக்கணம் எண்ணிய முறை

தமிழில் எத்தனை எழுத்து என்று கேட்டால், 247 என்று எந்த மாணவரும் விடை கூறுவார். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆயினும் நம் இலக்கண நூல்கள் இந்த ஓர் எண்ணோடு நின்றுவிடவில்லை. தொல்காப்பியர் எழுத்து என முதன்மையாகக் கொள்வது அகரம் முதல் னகரம் வரையுள்ள 30 மட்டுமே. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றைச் சார்ந்து வருவனவாக அவர் தனியே வைக்கிறார். உயிர்மெய்யை அந்த 30இல் அவர் சேர்க்கவில்லை. ஏனெனில் அது 30இலிருந்து பிறப்பது. பின்வந்த நன்னூலார் சார்பெழுத்தை 10 வகையாக்கி, அவற்றின் விரியை 369 என்று கணக்கிட்டார். அந்த 369இல் 216 உயிர்மெய். எஞ்சியவை அளபெடைகளும் குறுக்கங்களும் பிறவும்.

ஆக, 30 என்பதும் 247 என்பதும் 369 என்பதும் ஒரே மொழியைப் பற்றிய எண்களே. முதலாவது, மொழியை ஆக்கும் அடிப்படை அலகுகளின் எண். இரண்டாவது, நெடுங்கணக்கில் எழுதிக் காட்டும் வடிவங்களின் எண். மூன்றாவது, முதலெழுத்தைச் சார்ந்து பிறக்கும் எழுத்துகளின் விரி. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த குறியீட்டுப் பூசல்கள் புதுமையானவையாகத் தோன்றமாட்டா.

அச்சும் தட்டச்சும்

அச்சுக்கோப்பவருக்கு வேண்டியது நான்காவது ஓர் எண்ணிக்கை. 247 எழுத்தையும் எழுதிக் காட்ட எத்தனை தனி உருவங்கள் தேவை? இதனை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஔ என்பதை ஒ, ள என்னும் இரண்டின் சேர்க்கையாகக் கொண்டால் உயிருக்கு 11 உருவங்கள் போதும். ஆய்தம் 1. அகரமேறிய மெய் 18. புள்ளியிட்ட மெய் 18. கால் 1. இகர, ஈகாரக் கொக்கிகள் 2. டி, டீ ஆகியவை தனி வடிவுடையன என்பதால் மேலும் 2. கு, கூ வரிசைகளில் ஒவ்வொரு மெய்யும் தனித்தனி வடிவம் கொள்வதால் 36. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை 3. மொத்தம் 92. ஒகர, ஓகார, ஔகார வரிசைகளை இவற்றைக் கொண்டே அமைத்துவிடலாம்.

எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் இவ்வெண் 99ஆக இருந்தது. ணா, றா, னா ஆகிய மூன்றும் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அன்று தனித்த கூட்டுருவங்கள். பெரியார் 1935இல் தம் இதழில் கையாளத் தொடங்கி, அவருடைய நூற்றாண்டையொட்டி 1978இல் தமிழ்நாடு அரசு ஆணையாக வெளியிட்ட சீர்திருத்தம், ணொ, ணோ முதலியவற்றையும் சேர்த்து 13 எழுத்துகளின் தோற்றத்தை மாற்றியது. ஆனால் அச்சுப்பெட்டியில் குறைந்தவை 7 உருவங்களே. ஒகர ஓகார வடிவங்கள் ஆகார வடிவத்தையே கடன் பெற்றவை என்பதால், மூன்றை மாற்றியதும் மற்ற ஆறும் தாமே மாறின.

தட்டச்சுப் பொறிக்கு 92 உருவங்களும் மிகையே. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது எதிர்கொண்ட சிக்கல் இதுதான். ஆங்கிலத்திற்கென அமைந்த விசைகளில் தமிழ் முழுவதையும் ஏற்ற வேண்டும். எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் இடம் விட வேண்டும். அவர் கண்ட வழி, நகரா விசை. புள்ளியையோ கொக்கியையோ அழுத்தினால் அது தாளில் பதியும். தாள் மட்டும் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அதன் கீழேயே வந்து பொருந்தும். க் என்பது தனி உருவமாக இருக்க வேண்டிய தேவை அங்கே நீங்கியது. ஒரு வடிவத்தைத் தனியே வைப்பதா, பகுதிகளிலிருந்து கூட்டி எடுப்பதா என்னும் அந்தத் தேர்வு பின்னர்க் கணினியிலும் மீண்டும் எழுந்தது.

128 கட்டங்கள்

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று உடன்பாடு செய்துகொண்டால்தான் ஒரு கணினி எழுதியதை மற்றொன்று படிக்க முடியும். 1963இல் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி என்னும் உடன்பாடு, 7 இருமங்களைக் கொண்டு 128 எண்களை வழங்கியது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் கணினியின் கட்டளைகளும் அவற்றில் அடங்கின. பின்னர் 8 இருமங்களைக் கொண்ட பைட்டு பரவியபோது எண்கள் 256 ஆயின. முற்பாதி ஆங்கிலத்திற்கு உரியதாகவே நிற்க, பிற்பாதியாகிய 128 கட்டங்கள் உலகின் பிற மொழிகளுக்கு எஞ்சின. அவற்றிலும் சில கட்டங்களைக் கணினி தன் சொந்தப் பயனுக்கு வைத்துக்கொண்டது.

பொழுதுபோக்குக் கணிதத்தில் விருப்பமுடையோர் புறாக்கூண்டு விதியை அறிவர். கூண்டுகளைவிடப் புறாக்கள் மிகுதியாயின், ஏதேனும் ஒரு கூண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட புறா இருந்தே தீரும். 247 புறாக்கள், 128 கூண்டுகள். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வைக்க வழியே இல்லை. ஆகவே எதனைத் தனியே வைப்பது, எதனைப் பிரித்து வைப்பது என்று ஒவ்வொருவரும் தம் அறிவுக்கு எட்டியவாறு முடிவு செய்தனர். 92 உருவங்களோடு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்னும் ஐந்தையும், அவற்றின் புள்ளி வடிவங்கள் ஐந்தையும், ஸ்ரீ என்பதையும் சேர்த்தால் 103. தமிழ் எண்கள் 0 முதல் 9 வரையும் 10, 100, 1000 ஆகியவற்றின் குறிகளும் சேர்ந்தால் 116. 128க்குள் அடங்கிவிடும். ஆனால் எந்த உருவம் எந்தக் கட்டத்தில்?

இங்கேதான் பெரும் இடர் தோன்றியது. 1980களிலும் 1990களிலும் கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்நாட்டிலும் ஆர்வலர்கள் தனித்தனியே எழுத்துருக்களை உருவாக்கினர். ஒவ்வொன்றிலும் கட்டங்களின் ஒழுங்கு வேறு. ஒருவர் எழுதியனுப்பிய கடிதம், அதே எழுத்துரு இல்லாத மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது. எழுத்துருவை இழந்தால் எழுத்தையே இழந்தோம். அந்நாளில் வட்டுகளில் சேமித்த கதைகளும் பாடக்குறிப்புகளும் பள்ளி மலர்களும் இன்றும் சிலரிடம் உறங்குகின்றன. அவற்றைப் படிக்கத் திறவுகோலாகிய கட்ட ஒழுங்கு தெரியாவிடில், ஓலை இருந்தும் படிப்பாரற்ற நிலையே.

தீவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும்

சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. இணையம் நாட்டிற்குள் வந்தபோது நான்கு மொழிகளும் அதில் இடம்பெற வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பாக இருந்தது. 1995 அக்டோபரில் நான்கு மொழிக் கவிதைகளையும் தாங்கிய இணையத் தொகுப்பை அன்றைய அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழ் தமிழெழுத்திலேயே தோன்றியது. அதற்குப் பின்னிருந்தவர்களுள் முதன்மையானவர் நா. கோவிந்தசாமி. 1946இல் பிறந்த அவர் சிறுகதை எழுத்தாளர். தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பித்தவர். கணிப்பொறியைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர், கணியன் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கணியன் என்பது கணிப்பவன், நாள்கோள் கணக்கறிந்தவன் என்று பொருள்படும் பழஞ்சொல். பெயரிலேயே எண்ணும் எழுத்தும் சேர்ந்திருக்கின்றன.

1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் அவர் முன்னின்று கூட்டிய மாநாடு, தமிழ் இணையத்திற்கெனவே நடந்த முதல் அனைத்துலக மாநாடாகக் கருதப்படுகிறது. பல நாடுகளில் தனித்தனியே உழைத்தவர்கள் அங்கு ஒன்றுகூடி, பொதுவான குறியீடும் பொதுவான விசைப்பலகையும் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினர். இரண்டே ஆண்டுகளில், 1999 மே மாதத்தில், கோவிந்தசாமி மறைந்தார். தாம் தொடங்கிவைத்த உரையாடலின் முடிவைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு என்னும் மென்பொருளைத் தொடங்கியிருந்தார். அதிலிருந்து வளர்ந்த முரசு அஞ்சல், தமிழில் மின்னஞ்சல் எழுதிய ஒரு தலைமுறைக்கு முதல் கருவியாயிற்று. பின்னர் 2005இல் அவர் வெளியிட்ட செல்லினம் தமிழைக் கைப்பேசிக்குள் கொண்டுசென்றது.

1997க்குப் பின் நிகழ்ந்தவை விரைவானவை. பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து, திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். மேலே நாம் கணக்கிட்ட உருவ வழியே அது சென்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை அடுத்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2000இல் சிங்கப்பூரில் மீண்டும் மாநாடு கூடியபோது, உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2001இல் கோலாலம்பூர் மாநாட்டிற்கு இடமளித்தது.

தமிழ்99 விசைப்பலகையில் ஓர் எண் நம் கருத்தைக் கவர்கிறது. உயிருக்கு 12, மெய்க்கு 18, ஆய்தத்திற்கு 1 என 31 விசைகளில் 247 எழுத்தும் பிறக்கின்றன. ககர விசையை அழுத்தி இகர விசையை அழுத்தினால் கி தோன்றும். ககர விசையை இருமுறை அழுத்தினால் முதல் ககரம் தானே புள்ளி பெற்று க்க என்றாகும். தொல்காப்பியர் வகுத்த 30 ஆய்தத்தோடு சேர்ந்து விரல்நுனிக்கு வந்தது எனலாம்.

ஒருங்குறியும் ஓர் இலக்கணப் பூசலும்

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்கும் ஒருங்குறி 1991இல் வெளிவந்திருந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. ஆனால் அதன் அமைப்பு, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டைப் பின்பற்றியது. திஸ்கி, கை எழுதும் முறையைத் தழுவியது. கோ என்பதை இரட்டைக் கொம்பு, ககரம், கால் என மூன்றாக அடுக்கியது. ஒருங்குறி, வாய் ஒலிக்கும் வரிசையைத் தழுவுகிறது. ககரம் முதலில், ஓகாரக் குறி அடுத்து என இரண்டாக வைக்கிறது. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உயிர்க்குறி 11, புள்ளி 1 என 43 குறியீடுகளில் 247 எழுத்தும் அடங்கிவிடுகின்றன.

சிக்கனம் போற்றத்தக்கதே. ஆயினும் தமிழறிஞர் பலர் இரு குறைகளைச் சுட்டினர். ஒன்று, வரிசை. பிற இந்திய மொழிகளோடு ஒத்து நிற்க வேண்டி, னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்திற்கு முன்னும் வைக்கப்பட்டன. குறியீட்டெண்ணை மட்டும் கொண்டு அகரவரிசைப்படுத்தினால், வழி என்னும் சொல் வளி என்பதற்குப் பின் நிற்கும். நம் நெடுங்கணக்கிலோ ழகரமே முந்தியது. இக்குறையைத் தனி வரிசையாக்க விதிகளால் சரிசெய்து கொள்கிறோம்.

மற்றொன்று ஆழமானது. ஒருங்குறியில் க என்பது அடிப்படை. அதன்மேல் புள்ளியைச் சேர்த்தால் க் பிறக்கிறது. இலக்கணத்தில் க் என்பது அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்தால் க பிறக்கிறது. முதலும் வழியும் இடம் மாறி நிற்கின்றன என்பதே எதிர்ப்பாளர் கருத்து. இதனை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. மொழியின் அடிப்படை அலகு எது என்பது பற்றிய வினா அது. எனினும் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். மெய் புள்ளியோடு நிற்பது அதன் இயல்பு என்றும், புள்ளி நீங்கிய வடிவமே அகரத்தோடு இயைந்து ஒலிக்கும் என்றும் கூறியவர் தொல்காப்பியரே. ஒலியில் க் முந்தியது; வரிவடிவில் கோடுகள் குறைந்தது க. இலக்கணம் ஒலியை எண்ணியது. ஒருங்குறி வரிவடிவை எண்ணியது.

இப்பூசலை மாணவர்கள் ஒரு சிறு கணக்கால் அளந்து பார்க்கலாம். ஒரு தமிழ்ச் சொல்லின் ஒலி எண்ணிக்கையும் குறியீட்டு எண்ணிக்கையும் எங்கெங்கே வேறுபடும்? தனி உயிர் இரண்டிலும் 1. ஆகாரம் முதல் ஔகாரம் வரை ஏறிய உயிர்மெய் இரண்டிலும் 2. மெய்யெழுத்து ஒலியில் 1, குறியீட்டில் 2. அகரமேறிய உயிர்மெய் ஒலியில் 2, குறியீட்டில் 1. ஆகவே குறியீட்டு எண்ணிக்கையிலிருந்து ஒலி எண்ணிக்கையைக் கழித்தால் கிடைப்பது, மெய்களின் தொகையிலிருந்து அகர உயிர்மெய்களின் தொகையைக் கழித்த விடையே. விகடகவியில் மெய் இல்லை, அகர உயிர்மெய் 3. எனவே 7க்கும் 10க்கும் இடையே 3 வேறுபாடு. தமிழ் என்னும் சொல்லில் மெய் 1, அகர உயிர்மெய் 1. எனவே ஒலியும் 5, குறியீடும் 5. நெடுங்கணக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டால் மெய் 18, அகர உயிர்மெய் 18. ஆகவே 247 எழுத்தையும் எழுத ஒலிக்கணக்கிலும் 463, ஒருங்குறிக் கணக்கிலும் 463. இவ்வளவு சொற்போருக்கும் பின்னால், இரு தரப்பின் மொத்தக் கணக்கும் ஒன்றாகவே முடிவது நம்மைப் புன்முறுவல் கொள்ளச் செய்கிறது.

அழகும் உடன்பாடும்

எழுத்துக்கு ஓர் எண் என்னும் ஆசை மறைந்துவிடவில்லை. 16 இருமங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்16 என்னும் குறியீடு வகுக்கப்பட்டது. அதில் மெய்யின் எண்ணோடு உயிரின் வரிசையெண்ணைக் கூட்டினால் உயிர்மெய்யின் எண் கிடைக்கும்; புணர்ச்சி கூட்டலாகிவிடுகிறது. விகடகவி அங்கே 5 குறியீடுகளாகவே நின்று மாலைமாற்றாகும். கணித அழகில் அதற்கு நிகரானது அரிது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைப் பொதுத் தரமாகவும் டேஸ்16ஐ மாற்றாகவும் ஏற்று ஆணையிட்டது.

ஆயினும் உலகம் ஒருங்குறியிலேயே நிலைத்தது. டேஸ்16 ஒருங்குறி அட்டவணையில் யாரும் தம் விருப்பப்படி பயன்படுத்த விடப்பட்ட பகுதியில் அமர்ந்திருந்தது. பெறுபவர் கணினியில் அதே ஒழுங்கு இல்லையேல் பழைய சிக்கல் மீளும். ஒருங்குறியோ விண்டோஸ் 2000இல் தமிழோடு வந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா அதன்மீது எழுந்தது. கைப்பேசிகள் அதனைத் தம் இயல்பாக்கிக்கொண்டன. 2011இல் இணைய முகவரியின் ஈற்றிலேயே சிங்கப்பூர் என்று தமிழில் எழுத வழி பிறந்தது. குறியீடு என்பது கடிதம் போன்றது. எழுதுபவருக்கு எவ்வளவு அழகியதாயினும், படிப்பவர் ஒருவர் இருந்தால்தான் அது கடிதம். இணையத்தில் குறைகளுடைய பொது உடன்பாடு, குறையற்ற தனி ஒழுங்கைவிடப் பயன் மிக்கது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

உடன்பாடு என்பது திருத்தத்திற்கு இடம் தராத கல்வெட்டும் அன்று. தமிழ்ச் சுழியம் 2005இல்தான் ஒருங்குறிக்குள் வந்தது; பழந்தமிழ் எண்முறை 10, 100, 1000 என்பவற்றுக்குத் தனிக்குறி கொண்டிருந்தமையால் சுழியம் இன்றியே இயங்கியது. 2019இல் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் உள்ளிட்ட 51 பழங்குறிகள் சேர்ந்தன. மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 1/16, அதுவே மாகாணி. பெயரிலேயே கூட்டலை வைத்திருந்த அப்பின்னங்களைக் கணினியிலும் இன்று எழுதலாம்.

நாம் செலுத்தும் விலை

உடன்பாட்டிற்கு விலையும் உண்டு. பரவலாக வழங்கும் யூடிஎஃப்8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. தமிழ் என்னும் 3 எழுத்துச் சொல் 5 குறியீடாகி 15 பைட்டாகிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கிலமாயின் 7 இருமக் கணக்கில் 160 எழுத்து அடங்கும். தமிழாயின் 70 குறியீடுகளே அடங்கும். தமிழ் என்னும் சொல்லை இடைவெளியின்றித் தமிழெழுத்தில் 14 முறை எழுதலாம். அதனையே ஐந்தெழுத்து ஆங்கில ஒலிபெயர்ப்பில் 32 முறை எழுதலாம். இளையோர் பலர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கத்தைக் கைப்பேசியில் கற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும்.

இன்று மொழியை ஆளும் புதிய இயந்திரங்கள் வந்துள்ளன. அவை எழுத்தையும் எண்ணுவதில்லை, குறியீட்டையும் எண்ணுவதில்லை. தாம் பயின்ற பனுவல்களில் அடிக்கடி வரும் துண்டுகளைக் கண்டு, அத்துண்டுகளை எண்ணுகின்றன. ஒரு மொழியில் பயிலக் கிடைத்த பனுவல் குறைவாயின் துண்டுகள் சிறியனவாகும். ஒரே கருத்துக்குத் துண்டுகள் மிகுதியாகும். விகடகவிக்கு இவ்வாறு நான்காவது எண்ணிக்கை ஒன்று உருவாகியிருக்கிறது. இம்முறை அதனை வகுப்பவர் இலக்கணியும் அல்லர், பொறியாளர் குழுவும் அல்லர். நாம் பொதுவில் எழுதி வைத்திருக்கும் தமிழின் அளவும் ஒழுங்குமே அதனைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

இவ்விடத்தில் மதுரைத் திட்டத்தை நினைவுகூர்தல் தகும். 1998 பொங்கலன்று தொடங்கிய அத்தன்னார்வ முயற்சி, தமிழ் நூல்களை முதலில் ஓர் எழுத்துருவிலும், பின்னர்த் திஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலும் மாற்றி மாற்றி வழங்கியது. கரையான் அரிக்குமுன் ஓலையைப் படியெடுத்த நம் முன்னோரின் பணியும் அதுவே. படியெடுக்கப்பட்டவை வாழ்ந்தன, எடுக்கப்படாதவை அழிந்தன. ஆசிரியராகிய நம் பழைய வட்டுகளில் உறங்கும் மாணவர் படைப்புகளுக்கும் இவ்விதி பொருந்தும். அவற்றைக் குறியீடு மாற்றிக் காக்க இன்று கருவிகள் உள்ளன. அவ்வெழுத்துருக்களை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். இரண்டும் என்றும் இருக்கும் என்று எண்ணியிருத்தல் ஆகாது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சியோடு நிறைவு செய்வோம். சிங்கப்பூர், மலேசியா என்னும் இரு பெயர்களையும் எழுத்தாலும் குறியீட்டாலும் ஒலியாலும் எண்ணிப் பாருங்கள். முதலாவது 6, 11, 9 எனவும், இரண்டாவது 4, 7, 8 எனவும் வரும். ஒன்றில் குறியீடு மிகுவதும் மற்றொன்றில் ஒலி மிகுவதும் ஏன் என்பதை மேலே கண்ட விதியைக் கொண்டு விளக்குங்கள். அதன்பின் உங்கள் பெயரை எண்ணுங்கள். அந்த மூன்று எண்களிலும் தொல்காப்பியரும், அச்சுக்கோத்தவரும், நம் தீவிலும் தீபகற்பத்திலும் இரவு பகலாக உழைத்தவர்களும் தத்தம் விடைகளை விட்டுச் சென்றிருப்பதைக் காண்பீர்கள்.